பிழைகள் சமம், தரநிலை வேறு: புலம்பெயர்ந்த மாணவர்களும் ஆசிரியர்களின் முன்முடிவும்

ஜெர்மனியின் மன்ஹைம் பல்கலைக்கழக ஆய்வாளர்களான மைக்கே போனஃபெல்டும் ஒலிவர் டிக்ஹொய்சரும் நடத்திய ஒரு சோதனையின் முடிவு 2018இல் வெளியானது. ஆசிரியராவதற்குப் படித்துக்கொண்டிருந்த ஏறத்தாழ 200 பேரிடம், தொடக்கப்பள்ளிக் குழந்தை எழுதியதாகச் சொல்லி, ‘சொல்வதெழுதுதல்’ தாள் ஒன்று கொடுக்கப்பட்டது. சிலருக்குக் கிடைத்த தாளில் மாக்ஸ் என்று பெயர் இருந்தது. மற்றவர்களின் தாளில் முராத் என்று இருந்தது. முதலாவது ஜெர்மானியப் பெயர், இரண்டாவது துருக்கியப் பெயர். பெயரைத் தவிர வேறெந்த வேறுபாடும் இல்லை. பிழைகளை எண்ணச் சொன்னபோது இரு தரப்பினரும் ஒரே அளவு பிழைகளைத்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குத் தரநிலை போடச் சொன்னபோது முராத்துக்கு மாக்ஸைவிட மோசமான தரநிலை கிடைத்தது.

இந்தச் சோதனையில் கவனிக்க வேண்டியது, பாகுபாடு எங்கே நிகழ்ந்தது என்பதோடு எங்கே நிகழவில்லை என்பதும்தான். பிழையை எண்ணும்போது அது நுழையவில்லை. எழுத்துப் பிழை பிழைதான்; அதில் ஆசிரியரின் விருப்பத்துக்கு இடமில்லை. இத்தனை பிழைக்கு என்ன தரநிலை என்று முடிவெடுக்க வேண்டிய இடத்தில்தான் பெயர் பேசத் தொடங்கியது. சான்று ஒன்றாக இருந்தும் தீர்ப்பு வேறாயிற்று. பள்ளிகளில் புலம்பெயர்ந்த குடும்பங்களின் குழந்தைகள் எதிர்கொள்ளும் தப்பெண்ணத்தைப் பற்றி ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் ஆய்வுகளைப் படித்தால் இந்த ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது: சான்றுக்கும் தீர்ப்புக்கும் நடுவே ஆசிரியரின் ஊகத்துக்கு எவ்வளவு இடம் விடப்படுகிறதோ, அவ்வளவுக்கு முன்முடிவும் வேலை செய்கிறது. அந்த இடத்தைச் சுருக்குவது நம் கையில் இருக்கிறது.

பத்து வயதில் ஒரு பிரிவினை

முராத்தின் தரநிலைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பதை அறிய, ஜெர்மானியப் பள்ளியின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே 1 என்பது மிகச் சிறந்த தரநிலை, 6 மிக மோசம். பெரும்பாலான மாநிலங்களில் தொடக்கப்பள்ளி நான்கு ஆண்டுகளே. பெர்லினிலும் பிராண்டன்பர்க்கிலும் மட்டும் ஆறு ஆண்டுகள். நான்காம் வகுப்பு முடியும்போது, பத்து வயதுக் குழந்தை எந்த வகைப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று ஆசிரியர் பரிந்துரைக்கிறார். பல்கலைக்கழகத்துக்கு நேராக வழிவிடும் கிம்னாசியம், நடுத்தரப் பணிகளுக்கு ஆயத்தப்படுத்தும் ரியால்ஷூலே, கைத்தொழிலுக்கும் உடலுழைப்புக்கும் அனுப்பும் ஹௌப்ட்ஷூலே என்பது பழைய மூவகைப் பிரிவு. பல மாநிலங்களில் இப்போது கடைசி இரண்டும் ஒன்றாக்கப்பட்டுவிட்டன. ஆனால் கிம்னாசியத்தின் வாசல் அப்படியே இருக்கிறது. பவேரியா மாநிலத்தில் ஜெர்மன், கணக்கு, சூழ்நிலையியல் ஆகிய மூன்று பாடங்களின் சராசரி 2.33 அல்லது அதைவிட நன்றாக இருந்தால்தான் கிம்னாசியத்துக்குப் பரிந்துரை கிடைக்கும். ஒரு பாடத்தில் 2 என்பது 3 ஆகிவிட்டால் சராசரி எல்லையைத் தாண்டிவிடக்கூடும். பத்து வயதில் கிடைக்கும் அரைத் தரநிலை வேறுபாடு முப்பது வயதில் அந்த மனிதர் என்ன வேலையில் இருப்பார் என்பதைத் தொடும்.

இந்த வகுப்பறைக்குள் புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் வந்த விதமும் முக்கியமானது. போருக்குப் பிந்தைய தொழில் வளர்ச்சிக்கு ஆள் தேவைப்பட்டபோது மேற்கு ஜெர்மனி 1955இல் இத்தாலியோடும் 1961இல் துருக்கியோடும் ஒப்பந்தம் செய்து தொழிலாளர்களை வரவழைத்தது. அவர்களுக்கு ‘விருந்தினர் தொழிலாளர்’ என்று பெயர். சில ஆண்டுகள் உழைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள் என்பது கணிப்பு. 1973இல் ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டது. திரும்பிப் போனால் மறுபடி வர முடியாது என்று உணர்ந்தவர்கள் மனைவி மக்களை அழைத்துக்கொண்டார்கள். பள்ளியோ இரண்டு மனத்தோடு இருந்தது. இந்தக் குழந்தைகளை ஜெர்மானியச் சமூகத்தில் சேர்க்கவும் வேண்டும், அவர்கள் திரும்பிப் போகும் வழியைத் திறந்து வைக்கவும் வேண்டும் என்பதே 1970களில் கல்விக் கொள்கையாக இருந்தது. 1983இல் திரும்பிச் செல்வோருக்குப் பணம் தரச் சட்டமே இயற்றப்பட்டது. போகப்போகிறவர்களின் பிள்ளைகள் என்று நினைத்தே பாடம் நடத்தப்பட்ட ஒரு தலைமுறை அங்கே வளர்ந்தது. பெற்றோர் வெளிநாட்டினராக இருந்தாலும் ஜெர்மனியில் பிறந்த குழந்தை, சில நிபந்தனைகளோடு, குடியுரிமை பெறலாம் என்ற நிலை 2000இல்தான் வந்தது.

அடுத்த ஆண்டு டிசம்பரில் பிசா எனப்படும் பன்னாட்டுக் கற்றல் ஆய்வின் முதல் முடிவுகள் வெளியாயின. உலகின் சிறந்த பள்ளி முறைகளில் ஒன்று தம்முடையது என்று நம்பியிருந்த ஜெர்மானியர்களுக்கு அது பேரதிர்ச்சி. வாசிப்பில் பங்கேற்ற வளர்ந்த நாடுகளின் சராசரி 500, ஜெர்மனி 484. அதைவிடக் கடுமையான செய்தி, குழந்தையின் குடும்பப் பின்னணிக்கும் அதன் கற்றல் அளவுக்கும் இருந்த இறுக்கமான பிணைப்பு. ஏழை வீட்டுப் பிள்ளையும் புலம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளையும் பின்தங்குவதற்குப் பள்ளியே காரணமாக இருக்கிறதா என்ற கேள்வி அதன் பிறகுதான் அந்நாட்டின் பொது விவாதத்தில் தலைதூக்கியது.

அக்கறையின் உருவில்

அந்தக் கேள்விக்கு முன்னதாகவே விடை தேடியவர்கள் மெக்தில்ட் கொமொல்லாவும் ஃப்ராங்க்-ஓலாஃப் ராட்கேயும். பீலஃபெல்ட் நகரப் பள்ளிகளை ஆராய்ந்து 2002இல் அவர்கள் வெளியிட்ட ‘நிறுவனரீதியான பாகுபாடு’ என்னும் நூல், குழந்தையின் வாழ்வில் மூன்று வாசல்களை எடுத்துக்கொண்டது: முதல் வகுப்பில் சேர்ப்பது, கற்றல் குறைபாடு உள்ளோருக்கான சிறப்புப் பள்ளிக்கு அனுப்புவது, நான்காம் வகுப்புக்குப் பின் வகை பிரிப்பது. ஒவ்வொரு வாசலிலும் ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் தம் முடிவுக்கு என்ன காரணம் சொன்னார்கள் என்பதை அந்நூல் பதிவு செய்தது.

அந்தக் காரணங்களைப் படிக்கும்போது வெறுப்பின் சாயல் அரிதாகத்தான் தென்படுகிறது. தென்படுவது பெரும்பாலும் அக்கறை. குழந்தை மழலையர் பள்ளிக்குப் போகவில்லை, ஓராண்டு காத்திருக்கட்டும். மொழி இன்னும் கூடவில்லை, சிறிய வகுப்பில் இருப்பது நல்லது. கிம்னாசியத்துக்கு நேர்த்தியான ஜெர்மன் வேண்டும், வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லை, அங்கே போய்த் தோற்றுத் திரும்பினால் பிள்ளை மனம் உடைந்துபோகும். ஒவ்வொரு வாக்கியமும் நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டது. ஒவ்வொன்றின் முடிவிலும் குழந்தை ஒரு படி கீழே நின்றது.

கொமொல்லாவும் ராட்கேயும் இன்னொன்றையும் காட்டினார்கள். முடிவுகள் பல சமயம் பள்ளியின் நிர்வாகத் தேவையிலிருந்து பிறந்தன. ஒரு வகுப்பை நிரப்ப வேண்டும், ஒரு பள்ளியை மூடாமல் காக்க வேண்டும், பாடம் நடத்துவதில் சிக்கல் தரும் பிள்ளைகளை வேறிடத்துக்கு அனுப்ப வேண்டும். முடிவெடுத்த பிறகு அதற்கு நியாயம் கற்பிக்கக் குடும்பமும் பண்பாடும் மதமும் துணைக்கு அழைக்கப்பட்டன. மொழி தெரியாமை கற்பித்தலால் சரியாகக்கூடிய நிலை. அது கற்கும் திறனின் குறைவாகப் பதிவேட்டில் ஏறியது. சிறப்புப் பள்ளிக்குப் போன குழந்தை வழக்கமான பள்ளிக்குத் திரும்புவது மிக அரிது.

இந்த அக்கறையை எதிர்கொள்வதுதான் கடினம். வெளிப்படையாக இழிவுபடுத்தும் ஆசிரியரைக் கண்டிக்கலாம், அவர்மீது புகார் கொடுக்கலாம். ‘உங்கள் பிள்ளை நன்மைக்குத்தான் சொல்கிறேன்’ என்று கனிவோடு பேசும் ஆசிரியரிடம், அந்நாட்டுப் பள்ளியின் நெளிவுசுளிவு அறியாத ஒரு தாய் என்ன பதில் சொல்ல முடியும்? அவர் நன்றி சொல்லிவிட்டு எழுந்து போகிறார். இரக்கம் குழந்தைக்குத் தூக்கிவிடும் கையாக இருக்க வேண்டும். தடுத்து நிறுத்தும் கையாக மாறும்போது அதுவும் அநீதியே.

லண்டனில் ஒரு சிறுநூல்

ஜெர்மனி இந்தக் கேள்வியை எழுப்புவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்தில் ஓர் ஆசிரியர் அதை எழுப்பிவிட்டார். கரிபியத் தீவான கிரெனடாவிலிருந்து வந்து லண்டனில் பணியாற்றிய பெர்னார்ட் கோர்ட், மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த குழந்தைகள் ‘கல்வியில் இயல்புக்குக் குறைந்தோர்’ எனப்பட்ட பள்ளிகளில் தம் எண்ணிக்கைக்குப் பொருந்தாத அளவில் குவிக்கப்படுவதை நேரில் கண்டார். 1971இல் ஜான் லா ரோஸின் நியூ பீக்கன் பதிப்பகம் வழியாக அவர் வெளியிட்ட சிறுநூல், அந்தக் குழந்தைகள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர், பள்ளி முறையே அவர்களைக் குறைந்தவர்களாக ஆக்குகிறது என்று வாதிட்டது. நுண்ணறிவுத் தேர்வுகளின் கேள்விகள் ஆங்கிலேய நடுத்தர வர்க்க வாழ்க்கையிலிருந்து எடுக்கப்பட்டவை. கரிபியத் தீவுகளின் கிரியோல் மொழி பேசி வளர்ந்த குழந்தையின் பேச்சு தவறான ஆங்கிலமாகக் கணிக்கப்பட்டது. ஊர் பெயர்ந்து வந்த துயரம் மந்தபுத்தியாகப் படிக்கப்பட்டது. இவற்றுக்கெல்லாம் மேலாக, இந்தப் பிள்ளையிடம் பெரிதாக எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்ற ஆசிரியரின் எண்ணத்தைக் கோர்ட் முதன்மைக் காரணங்களில் ஒன்றாக வைத்தார்.

அதே காலத்தில் இங்கிலாந்து அரசு வேறொரு வழியிலும் இக்குழந்தைகளைச் சிக்கலாகவே பார்த்தது. ஒரு பள்ளியில் புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்று 1965இல் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியது. அதன்படி சௌத்தாலிலும் பிராட்ஃபோர்டிலும் இந்திய, பாகிஸ்தானியக் குழந்தைகள் பேருந்தில் ஏற்றப்பட்டுத் தொலைவிலுள்ள பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். வெள்ளைக்காரக் குழந்தைகள் யாரும் அப்படி அனுப்பப்படவில்லை. வகுப்பில் சிலர் இருப்பதே ஒரு சுமை என்று அரசே அறிவிக்கும்போது ஆசிரியர் தனியாக வேறு விதமாக நினைப்பது எளிதன்று.

மாற்றத்துக்கு வழிவிட்டவர்கள் பெற்றோர். கரிபியக் குடும்பங்கள் சனிக்கிழமைப் பள்ளிகளைத் தாமே தொடங்கின. ஜான் லா ரோஸ் 1969இல் தொடங்கிய ஜார்ஜ் பேட்மோர் பள்ளி அவற்றில் ஒன்று. வார நாளில் ‘முடியாதவர்கள்’ எனப்பட்ட பிள்ளைகள் அங்கே படித்தார்கள். 1981இல் அந்த வகைப்பாடே சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. அதே ஆண்டு ராம்ப்டன் குழுவும், 1985இல் ஸ்வான் குழுவும், ஆசிரியர்களின் குறைந்த எதிர்பார்ப்பும் அறியாமல் நிகழும் இனப் பாகுபாடும் இக்குழந்தைகளின் பின்னடைவில் பங்கு வகிக்கின்றன என்று அரசின் பெயராலேயே எழுதின.

எதிர்ச் சான்றும் சொல்வது

ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசுவதில்லை. மன்ஹைம் நகரத் தொடக்கப்பள்ளிகளைக் கொர்னேலியா கிறிஸ்டன் ஆராய்ந்தபோது, தேர்வில் காட்டிய திறனைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பின் தரநிலையிலும் பரிந்துரையிலும் புலம்பெயர்ந்த குழந்தைகளுக்கு எதிரான பாகுபாடு பெரும்பாலும் தென்படவில்லை. வேறு சில ஜெர்மானிய ஆய்வுகளிலும் குடும்பத்தின் வருமானத்தையும் கல்வியையும் சேர்த்துப் பார்த்தபோது இன வேறுபாடு கரைந்துபோனது. எஞ்சி நின்றது வர்க்க வேறுபாடு. இதைப் பொருட்படுத்தாமல் எல்லாப் பின்னடைவுக்கும் ஆசிரியரின் தப்பெண்ணமே காரணம் என்பது நேர்மையாகாது. ஏழ்மை, நெரிசலான வீடு, மொழி கற்கக் கிடைக்காத நேரம், பெற்றோரின் இரவுப் பணி ஆகியவை பள்ளிக்கு வரும் முன்பே குழந்தையைப் பாதிக்கின்றன.

ஆனால் இந்த எதிர்ச் சான்று இரண்டு கேள்விகளை விட்டுவைக்கிறது. முதலாவது, ‘திறனைக் கணக்கில் எடுத்த பின்’ என்று நாம் சொல்லும் அந்தத் திறன் எங்கே உருவானது? நான்காண்டுகள் அதே ஆசிரியர்களின் எதிர்பார்ப்பின் கீழ் அல்லவா? இரண்டாவது, சராசரி எதைக் காட்டுகிறது? மாரெஸா ஸ்ப்ரீட்ஸ்மா 2013இல் வெளியிட்ட ஆய்வில், நான்காம் வகுப்புக் குழந்தைகளின் கட்டுரைகள் ஜெர்மானியப் பெயரோடும் துருக்கியப் பெயரோடும் ஆசிரியர்களுக்கு மாற்றி மாற்றித் தரப்பட்டன. துருக்கியப் பெயருக்குத் தரநிலையும் குறைந்தது, மேற்பள்ளிப் பரிந்துரையும் குறைந்தது. அந்த வேறுபாடு பெரும்பாலும் ஒரு சிறு பகுதி ஆசிரியர்களிடமிருந்தே வந்தது. ஆசிரியர் சமூகத்துக்கு இது ஆறுதலான செய்தி. குழந்தைக்கு அப்படியில்லை. ஆசிரியர்கள் பல்லாயிரம் பேர் இருக்கலாம். ஒரு குழந்தைக்கு வாய்ப்பது ஒரு வகுப்பாசிரியர். அந்தச் சிறு பகுதியில் ஒருவர் அவராக இருந்துவிட்டால் சராசரி அந்தப் பிள்ளையைக் காப்பாற்றாது.

சைமன் பர்ஜெஸும் எலன் கிரீவ்ஸும் இங்கிலாந்தின் பதினொரு வயதுக் குழந்தைகளைப் பற்றிச் செய்த ஆய்வு இதற்கு இன்னொரு பக்கத்தைச் சேர்க்கிறது. வெளியார் திருத்தும் தேசியத் தேர்வையும் வகுப்பாசிரியரின் மதிப்பீட்டையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். கறுப்பினக் கரிபியக் குழந்தைகள் தேர்வில் காட்டிய அளவைவிட ஆசிரியரின் கணிப்பில் கீழே இருந்தார்கள். இந்திய, சீனக் குழந்தைகள் சில பாடங்களில் மேலே இருந்தார்கள். ஆசிரியர்கள் தம் பகுதியில் அந்தக் குழுவினர் முன்பு எப்படிப் படித்தார்கள் என்பதை வைத்து எதிரே நிற்கும் குழந்தையைக் கணிக்கிறார்கள். ஐரோப்பாவில் வாழும் ஈழத் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது அந்நியமான செய்தியன்று. ‘தமிழ்ப் பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்கள்’ என்ற நற்பெயர் பலருக்கு உதவுகிறது. தடுமாறும் தமிழ்ப் பிள்ளையின் தடுமாற்றத்தை அதே நற்பெயர் மறைத்தும் விடுகிறது. உயர்வாகவோ தாழ்வாகவோ, குழுவைப் பார்த்துவிட்டுக் குழந்தையைப் பார்த்ததாக நினைப்பதே இங்கே நிகழும் பிழை.

எதிர்பார்ப்பு எப்படி உள்ளே இறங்குகிறது

ஆசிரியரின் மனத்தில் இருப்பது மாணவரின் கற்றலாக மாறுவது எப்படி? 1968இல் ராபர்ட் ரோசெந்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு இதை முதலில் பெரிய அளவில் கேட்டது. கலிஃபோர்னியாவின் தொடக்கப்பள்ளி ஒன்றில், குருட்டாம்போக்கில் பொறுக்கிய ஐந்தில் ஒரு பங்கு மாணவர்களை ‘இந்த ஆண்டு மலரப்போகிறவர்கள்’ என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். ஆண்டு முடிவில் முதலிரண்டு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண் மற்றவர்களைவிடக் கூடுதலாக உயர்ந்திருந்தது. அந்த ஆய்வு கடுமையான விமர்சனத்துக்கும் உள்ளானது. பிற்காலத்தில் லீ ஜசிமும் கென்ட் ஹார்பரும் எல்லா ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்து, எதிர்பார்ப்பின் விளைவு பொதுவாகச் சிறியதே என்றும், சமூகத்தில் இழிவு சுமத்தப்பட்ட குழுக்களின் குழந்தைகளிடம் அது வலிமையாக இருக்கக்கூடும் என்றும் 2005இல் எழுதினார்கள். நம் கேள்விக்கு இந்த இரண்டாம் பகுதியே முக்கியம். ஜெர்மனியின் முதல் வகுப்பு மாணவர்களை வைத்துச் சாரா கென்ட்ரப்பும் குழுவினரும் 2020இல் வெளியிட்ட ஆய்விலும், குழந்தையின் உண்மைத் திறனுக்குப் பொருந்தாத உயர்ந்த எதிர்பார்ப்பு ஆண்டு முடிவில் கற்றலைக் கூட்டியது, பொருந்தாத தாழ்ந்த எதிர்பார்ப்பு குறைத்தது.

இது வகுப்பறையில் நிகழும் விதத்தை ஜீர் ப்ராஃபியும் தாமஸ் குட்டும் 1970களிலேயே உற்று நோக்கினார்கள். கெட்டிக்காரர் என்று ஆசிரியர் நினைக்கும் பிள்ளை தயங்கினால் அவர் காத்திருக்கிறார், கேள்வியை மாற்றிக் கேட்கிறார், குறிப்பு கொடுக்கிறார். முடியாதவர் என்று நினைக்கும் பிள்ளை தயங்கினால் உடனே அடுத்தவரைக் கேட்கிறார். சில நொடிகளின் வேறுபாடுதான். இரண்டாம் மொழியில் யோசித்து விடை சொல்ல வேண்டிய குழந்தைக்கு அந்த நொடிகள்தாம் பாடமே. நாளுக்குப் பல முறை, ஆண்டுக்கு இருநூறு நாள் இது நடந்தால், கையைத் தூக்குவதில் பயனில்லை என்று குழந்தை தானாகக் கற்றுக்கொள்கிறது. பிறகு ஆசிரியர் சொல்வது உண்மையாகவே தோன்றும்: இந்தப் பிள்ளைக்கு ஆர்வமில்லை.

எது பலன் தந்திருக்கிறது

முன்முடிவு இல்லாத மனிதரைத் தேடிப் பணியமர்த்த முடியாது. முன்முடிவு நுழையும் இடத்தைச் சிறிதாக்க முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் டேவிட் குவின் 2020இல் வெளியிட்ட சோதனையில் ஆசிரியர்கள் இரண்டாம் வகுப்புக் குழந்தையின் ஒரே எழுத்தை மதிப்பிட்டார்கள். கட்டுரையில் வரும் சகோதரன் பெயர் சிலருக்குக் கறுப்பினப் பெயர், சிலருக்கு வெள்ளையினப் பெயர். ‘வகுப்புக்குரிய தரத்தில் இருக்கிறதா’ என்று பொதுவாகக் கேட்டபோது கறுப்பினப் பெயருக்கு மதிப்பு குறைந்தது. எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று தெளிவான அளவுகோல் தந்து கேட்டபோது அந்த வேறுபாடு தென்படவில்லை. மன்ஹைமில் பிழை எண்ணுவதில் வராத பாகுபாடு தரநிலையில் வந்ததற்கும் இதுவே விளக்கம்.

இந்தியாவிலும் இதற்கு ஒப்பான சான்று உண்டு. ரேமா ஹன்னாவும் லீ லிண்டனும் 2012இல் வெளியிட்ட ஆய்வில் விடைத்தாள்களின் முகப்பில் குழந்தையின் சாதியை மாற்றி மாற்றி எழுதி ஆசிரியர்களிடம் தந்தார்கள். தாழ்த்தப்பட்ட சாதி என்று குறிக்கப்பட்ட தாள்களுக்கு மதிப்பெண் சற்றுக் குறைந்தது. திருத்தத் தொடங்கிய நேரத்தில், அளவு பிடிபடாதபோது, இது கூடுதலாக இருந்தது. தெளிவில்லாத இடத்தில் மனம் கைக்கெட்டும் பழைய எண்ணத்தைப் பற்றிக்கொள்கிறது. அதைவிட மனத்தைத் தைப்பது, அந்தக் குறைப்பு தாழ்த்தப்பட்ட சாதி ஆசிரியர்களிடமிருந்தே பெரிதும் வந்தது என்பது. ஒடுக்கப்பட்ட குழுவில் பிறந்தவர் என்பதால் மட்டும் ஒருவர் தப்பெண்ணத்திலிருந்து விடுபட்டுவிடுவதில்லை. புலம்பெயர்ந்தோரிலிருந்து ஆசிரியர்கள் வர வேண்டியது மிக அவசியம். அது மட்டும் போதாது.

இத்தாலியிலிருந்து வந்த இரு ஆய்வுகள் நம்பிக்கை தருபவை. அங்கே பதினான்கு வயதில் மாணவர்கள் பல்கலைக்கழகப் படிப்புக்கு ஆயத்தப்படுத்தும் லிச்சேயோ, தொழில்நுட்பப் பள்ளி, தொழிற்பள்ளி என்று பிரிகிறார்கள். ஆசிரியரின் பரிந்துரை சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் குடும்பங்கள் அதை மதிக்கின்றன. அல்பெர்ட்டோ அலெசினா, மிக்கேலா கார்லானா, எலியானா லா ஃபெராரா, பாவ்லோ பினோட்டி ஆகியோர், பெயர் மறைத்துத் திருத்தப்படும் இன்வால்சி தேசியத் தேர்வில் சம மதிப்பெண் பெற்ற மாணவர்களில் புலம்பெயர்ந்தோருக்கு வகுப்பாசிரியர்கள் குறைந்த மதிப்பெண் தருவதைக் கண்டார்கள். ஆசிரியர்களின் உள்மனச் சாய்வைக் கணினித் தேர்வால் அளந்தபோது, சாய்வு மிகுந்த கணக்கு ஆசிரியர்களிடம் இந்த வேறுபாடும் மிகுந்திருந்தது. பிறகு, சிலருக்கு அவர்களின் சாய்வு அளவைப் பருவ மதிப்பெண் போடுவதற்கு முன்பும், சிலருக்கு அதற்குப் பின்பும் தெரிவித்தார்கள். முன்பே அறிந்தவர்கள் புலம்பெயர்ந்த மாணவர்களுக்குத் தந்த மதிப்பெண் உயர்ந்தது. பாகுபாடு காட்டாதிருந்தவர்களும் மதிப்பெண்ணைக் கூட்டிவிடக்கூடும் என்ற எச்சரிக்கையையும் ஆய்வாளர்கள் சேர்த்தார்கள். என்றாலும் தன்னைப் பற்றிய ஓர் உண்மையை உரிய நேரத்தில் அறிந்த ஆசிரியர் திருத்திக்கொள்கிறார் என்பது சிறிய செய்தியன்று.

இரண்டாம் ஆய்வு இன்னும் ஆழமானது. நன்றாகப் படிக்கும் புலம்பெயர்ந்த மாணவர்களுக்கு ஏழாம், எட்டாம் வகுப்புகளில் வழிகாட்டலும் துணைப் பயிற்சியும் தரும் திட்டம் ஒன்று இத்தாலியில் நடந்தது. அதில் பங்கேற்ற பையன்கள் மேற்படிப்புக்கு வழிவிடும் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்த விகிதம் இத்தாலியப் பையன்களின் விகிதத்தோடு சமமாயிற்று. பெண்பிள்ளைகள் திட்டமில்லாமலேயே நல்ல நிலையில் இருந்தார்கள். காரணத்தை அலசியபோது தெரிந்தது: பையன்களின் பாட அறிவு கூடியதால் வந்த பங்கு மிகச் சொற்பம். அவர்களின் ஊக்கம் உயர்ந்ததும் ஆசிரியர்கள் தம் பரிந்துரையை மாற்றிக்கொண்டதுமே பெரும் பங்கு. படிக்கும் திறன் அந்தப் பையன்களிடம் முன்பே இருந்தது. அதை நம்பும் பெரியவர்கள்தாம் குறைவாக இருந்தார்கள்.

ஆசிரியரின் அதிகாரத்தை எடுத்துவிட்டால் போதும் என்றும் சிலர் வாதிடுகிறார்கள். பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலம் 2012இல் கட்டாயப் பரிந்துரையைக் கைவிட்டு முடிவைப் பெற்றோரிடம் விட்டது. அண்மையில் கட்டுப்பாட்டை மறுபடியும் கூட்டியிருக்கிறது. பெற்றோரிடம் முழு முடிவையும் விடும்போது வசதியும் தகவலும் உள்ள குடும்பங்கள் முந்திக்கொள்கின்றன என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே அதிகாரம் யார் கையில் என்பதைவிட, பத்து வயதிலேயே குழந்தைகளைப் பிரிக்க வேண்டுமா என்பதே அடிப்படைக் கேள்வி. பிரிவினை எவ்வளவு முன்னால் நிகழ்கிறதோ, மொழி கற்றுக்கொள்ளும் குழந்தைக்கு அவ்வளவு குறைந்த காலமே கிடைக்கிறது.

நம் வகுப்பறைகளில்

இவை தொலைவு நாடுகளின் கதைகள் என்று தமிழ்நாட்டு வாசகர் கடந்துவிட முடியாது. திருப்பூரின் பின்னலாடை ஆலைகளிலும் சென்னையின் கட்டுமானங்களிலும் திருவள்ளூரின் செங்கல் சூளைகளிலும் வேலை செய்யும் பீகார், ஒடிசா, வங்காளத் தொழிலாளர்களின் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இவர்களை மறக்கவில்லை. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது, இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்ப்பது உள்ளாட்சியின் கடமை, மனரீதியாகத் துன்புறுத்தக் கூடாது என்றெல்லாம் அது சொல்கிறது. சேர்ந்த பிறகு ஆசிரியர் அந்தக் குழந்தையைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதைச் சட்டம் எட்டிப் பார்க்க முடியாது. ‘ஆறு மாதத்தில் போய்விடுவார்கள்’, ‘தமிழே தெரியாது, என்ன சொல்லிக்கொடுப்பது’, ‘அப்பா அம்மா ஒருநாளும் பள்ளிப் பக்கம் வருவதில்லை’ என்ற பேச்சுகள், 1970களின் மேற்கு ஜெர்மனியில் எழுந்த அதே எண்ணங்களிலிருந்து வேறுபட்டவை அல்ல.

நம் ஆசிரியர்களின் சுமை உண்மையானது. நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே, இந்தியோ ஒடியாவோ மட்டும் பேசும் மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு, எந்தப் பயிற்சியும் இல்லாமல் பாடம் நடத்துவது எளிதன்று. அதனால்தான் தீர்வை ஆசிரியரின் நல்ல மனத்திடம் மட்டும் ஒப்படைக்கக் கூடாது என்கிறேன். செய்யக்கூடியவை தெளிவாக இருக்கின்றன. புதிதாக வந்த குழந்தையின் கணக்கறிவை அதன் தாய்மொழியில் சோதித்த பிறகே வகுப்பு நிலையை முடிவு செய்ய வேண்டும். மொழி தெரியாமையையும் கற்றல் குறைபாட்டையும் பதிவேட்டில் ஒன்றாகக் கலக்கக் கூடாது. கட்டுரைக்கும் செயல்திட்டத்துக்கும் மதிப்பெண் தர எழுதப்பட்ட அளவுகோல் வேண்டும். பருவத்துக்கு ஒருமுறையாவது பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் பெயர் மறைத்துத் திருத்த வேண்டும். முதல் ஈராண்டுக்குத் தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கத் தனி நேரமும் தனிப் பாடநூலும் வேண்டும். ஆசிரியர் பயிற்சியில், தம் மதிப்பீட்டைத் தாமே சோதித்துப் பார்க்கும் முறை பாடமாக வேண்டும். குழந்தையின் குடும்பத்தோடு அவர்கள் மொழியில் பேச ஒருவர் ஒவ்வொரு வட்டாரத்திலும் இருக்க வேண்டும்.

மும்பையிலும் மலேசியாவிலும் ஐரோப்பாவிலும் பிறர் நாட்டு, பிறர் மொழி வகுப்பறைகளில் உட்கார்ந்து படித்த பிள்ளைகளின் சமூகம் நாம். அங்கே எந்த நீதியை நம் பிள்ளைகளுக்குக் கேட்டோமோ, அதை இங்கே வந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தரும் பொறுப்பு நமக்கு இருக்கிறது. ஜெர்மனி தன் தவறை உணர்ந்து பேசத் தொடங்க நாற்பது ஆண்டுகள் ஆயின. அந்தக் காலத்துக்குள் ஒரு முழுத் தலைமுறை பள்ளியைவிட்டு வெளியேறிவிட்டது. நமக்கு அவர்களின் ஆய்வுகள் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. இந்தக் குழந்தைகள் முதல் வகுப்பில் இருக்கும்போதே அவற்றைப் பயன்படுத்தினால், பத்தாம் வகுப்பில் அவர்களுக்குக் கிடைக்கும் மதிப்பெண் அவர்களின் படிப்பை மட்டுமே சொல்லும்.